படத்தின் அளவு

மீனாட்சி பஜாரில் ஐந்து மீட்டர் ஒயருக்கு
நானூறு சொன்னான்.
இருநூற்று எண்பதுக்கு முடித்தேன்.
"கம்ப்யூட்டர் பழசாக்கா?" என்றான்.
பழசுதான்.
அப்ப அதுக்கொரு கன்வெர்ட்டர் வேணும், அது தனிக்காசு.
நான் பேசிப் பிடித்த மிச்சத்தை
கட்டைவிரல் அளவு டப்பா ஒன்றில்
அவனே திரும்ப வாங்கிக்கொண்டான்.

டிவி, கொழுந்தன் ஒச்சப்பன் தவணையில் எடுத்தது.
நாற்பத்து மூன்று இஞ்சு. எச்.டி. என்று
பால் ஊற்ற வருகிறவரிடம்கூடச் சொல்வான்.
கம்ப்யூட்டர் நான் மனு அடித்துச் சேர்த்தது,
ஐகோர்ட்டு வக்கீல்களுக்கு, பக்கம் இருபது ரூபாய்.
வில்லாபுரத்து வீட்டின் ஒரே அறையில்
மனஸ்தாபமான சம்பந்திகள் மாதிரி
எதிரெதிரே உட்கார்ந்திருந்தன இரண்டும்.

நாகஜோதி மகனின் காதுகுத்து வீடியோவைப்
பெரிசாகப் பார்க்க வேண்டுமென்று
ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்துவிட்டார்கள்.

டிவிக்கும் சுவருக்கும் நடுவே
என் கை மட்டும்தான் நுழைந்தது.
வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
கன்னத்தைச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டு
தடவினேன், துளை கிடைக்கவில்லை,
கிடைத்தபோது ஒயர் தலைகீழ்.
நோ சிக்னல்.
நீலப் பெட்டிக்குள் அந்த இரண்டு சொல்லும்
மூலைக்கு மூலை முட்டித் திரிந்தன.
ஆளுக்கொரு யோசனை.
ரப்பர் பேண்டு போட்ட ரிமோட்டை
உள்ளங்கையில் தட்டித் தட்டி அழுத்தினான் ஒச்சப்பன்.
ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை.
மூன்றில் வந்தது.

கைதட்டினார்கள்.
வந்தது வீடியோ இல்லை, என் முகப்புப் படம்:
தெப்பக்குளத்துப் படியில் குடும்பமாக நின்றது.
வழியில் போன யாரோ எடுத்துக் கொடுத்தார்.
என்ன பளிச்சு பாரு, மைய மண்டபத்துக் காக்காகூடத் தெரியுது!
எழுந்து போய்
அவரவர் முகத்தை அவரவர் தொட்டுக் காட்டினார்கள்.
என்னுடையது இல்லை.

மணி காட்டும் மூலையும் இல்லை.
ஸ்டார்ட் பொத்தானில் பாதிதான் இருந்தது.
மவுஸை வலப்பக்கம் தள்ளினால்
அம்பு, சட்டத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.
நாலு பக்கமும் விரலளவு
விழுங்கியிருந்தது டிவி.
வீடியோவைப் போடு மதினி, என்றான் ஒச்சப்பன்.
இரு, என்றேன்.

மனு அடிக்கிறவளுக்கு ஓரம் தெரியும்.
கால் இஞ்சு குறைந்தாலும்
கட்டைத் தூக்கி மேசையில் போடுவார் குமாஸ்தா.

ரிமோட்டை வாங்கினேன்.
மெனு. படம். படத்தின் அளவு.
பதினாறுக்கு ஒன்பது. ஜூம். சினிமா ஜூம்.
பின்னால் முணுமுணுப்பு. யாரோ காப்பி கேட்டார்கள்.
கடைசியில் ஜஸ்ட் ஸ்கேன்.
மூச்சை உள்ளிழுத்த மாதிரி ஒடுங்கி
சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது படம்.
மணி 7:42.
வலது ஓரத்தில் நான்,
இரண்டு கட்டைப்பையோடு,
காலடியில் எல்லார் செருப்பும்.

"அட, நீயும் இருந்தியா" என்றாள் நாகஜோதி.

காதுகுத்து ஓடியது.
பிள்ளை டிவியில் வாயைத் திறந்தான்,
அழுகை கட்டிலுக்கடியில் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது.
குனிந்து குனிந்து பார்த்தன சின்னதுகள்.
சத்தத்துக்கு வேறு ஒயர் வேண்டுமாம்.
அடுத்த மாதம் பார்க்கலாம்.

எல்லாரும் போன பிறகு
பதினாறு பக்கம் மனு பாக்கியிருக்க
மறுபடி அந்தப் போட்டோ.
சின்னத் திரையில் இத்தனை வருஷம் தெரியாதது:
பத்துப் பேர் கேமராவைப் பார்க்கிறார்கள்.
நான் பார்க்கவில்லை.
தலையை லேசாகத் திருப்பி
படத்துக்கு வெளியே, தெற்குக் கரைப் பக்கம்
எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்,
பல் தெரிய.

எதை?

மெனுவை மறுபடி திறந்தேன், கிறுக்கச்சி மாதிரி.
சினிமா ஜூம் வரைக்கும் போய்ப் பார்த்தேன்.